சென்னையில் டிசம்பர் பத்து நாள்: சினிமாக்காரர்களை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

நத்தம்ரோடு ரசிகை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல். தனியார் மருத்துவமனை ஒன்றில் பில்லிங் பிரிவில் வேலை. டிசம்பர் 11 முதல் 20 வரை லீவு சொல்லிவிட்டேன். கல்லூரியில் படிக்கும் தங்கையும் நானும் சென்னை வருகிறோம். வளசரவாக்கத்தில் சித்தி வீடு இருப்பதால் தங்குவதற்குக் கவலை இல்லை.

மெரினா, வண்டலூர், மகாபலிபுரம் எல்லாம் சின்ன வயதிலேயே பார்த்தாயிற்று. இந்த முறை முழுக்க முழுக்க சினிமாதான். நாங்கள் இருவரும் படம் பார்ப்பதோடு நிற்கிற ஆட்கள் இல்லை. பேட்டி, ஆடியோ லாஞ்ச் பேச்சு, மேக்கிங் வீடியோ என்று ஒன்று விடாமல் பார்ப்போம். ஆனால் நேரில் பார்த்த நட்சத்திரம் என்று சொன்னால், எங்கள் ஊர் நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு வந்த ஒரு நடிகைதான். அதுவும் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. முன்னால் நின்றவர் தூக்கிப் பிடித்த போன் திரையில் ஒரு கை ரிப்பன் வெட்டியது தெரிந்தது. தங்கை அங்கிருந்த பைக் சீட்டில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, "வளையல் பச்சைக்கா" என்றாள். அவ்வளவுதான்.

அதனால் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். 12-ஆம் தேதி ரஜினி பிறந்தநாளுக்கு போயஸ் கார்டன் போனால் பார்க்க முடியுமா? முதல் நாள் முதல் காட்சி எந்தத் தியேட்டரில் நன்றாக இருக்கும், இரண்டு பெண்கள் தனியாகப் போகலாமா? டிவி நிகழ்ச்சிகளில் பார்வையாளர்களாக உட்கார்வதற்கு யாரைக் கேட்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே, சினிமாவில் இருக்கிற யாராவது ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். செல்ஃபி எடுத்துக்கொண்டு ஓடுவது இல்லை, பேசுவது. அதற்கு வழி இருக்கிறதா?

---

ஏ-ரோ கார்னர்:

வாங்க தங்கச்சி. தியேட்டர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் போயஸ் கார்டன். பிறந்தநாளன்று தலைவர் ஊரில் இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. படப்பிடிப்பு, வெளியூர் என்று பாதி வருடம் கிளம்பிவிடுவார். தீபாவளி, பொங்கலுக்கு வீட்டில் இருந்தால் கேட்டுக்குப் பின்னால் ஏறி நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே போவார். அந்தச் சில நொடிக்காகக் காலையிலிருந்து நிற்கிற கூட்டம் அது. கேக், ஆட்டம், கோஷம் எல்லாம் இருக்கும். கூட்டத்தைப் பார்க்கப் போகலாம். அவரைப் பார்க்க மட்டும் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இப்போது முதல் காட்சி. விடிகாலை நாலு மணிக்குப் பால் அபிஷேகம், படம் பார்த்துவிட்டு நேரே வேலைக்குப் போவது என்பதெல்லாம் தமிழ்நாட்டில் முடிந்துவிட்டது. 2023 ஜனவரி 11 அன்று இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் வந்தன. நள்ளிரவுக் காட்சிக்காக கோயம்பேடு ரோகிணிக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த ஒரு ரசிகர், மெதுவாகப் போன லாரி மேல் ஏறி, கீழே விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் அதிகாலைக் காட்சிக்கு அனுமதி கொடுப்பதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் விஜய் படம் வந்தபோதுகூட முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். பொறுக்காதவர்கள் பாலக்காட்டுக்குப் போய் நாலு மணிக்கே பார்த்துவிட்டு வந்தார்கள். அது தனிப் பைத்தியம்.

இரண்டு பெண்கள் போகலாமா என்றால், போகலாம், நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் நான் உங்கள் அண்ணனாக இருந்தால் பெரிய ஹீரோ படத்தின் முதல் காட்சிக்கு அனுப்ப மாட்டேன். 2024 டிசம்பரில் ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் பிரீமியருக்கு ஹீரோவே வந்தார் என்று கூட்டம் நெருக்கியதில் ஒரு பெண் இறந்தார், அவருடைய மகன் ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். குடும்பத்தோடு படம் பார்க்க வந்தவர்கள் அவர்கள். நெரிசலில் ரசிகன், பார்வையாளன் என்ற கணக்கெல்லாம் கிடையாது. இரண்டாம் நாள் மாலைக் காட்சிக்குப் போங்கள். விசில், காகிதப் பூ, பாட்டுக்கு ஸ்கிரீன் முன்னால் ஆட்டம் எல்லாம் அன்றைக்கும் இருக்கும். வசனமும் காதில் விழும்.

ரோகிணி, வடபழனி கமலா, காசி, குரோம்பேட்டை வெற்றி. இந்த நாலில் எதற்குப் போனாலும் சத்தத்துக்குக் குறை இருக்காது. உங்களுக்கு வளசரவாக்கம் என்றால் கமலா பக்கம். டிக்கெட்டை ஆப்பிலேயே போடுங்கள். மல்டிபிளெக்ஸில்கூட அடிப்படை விலை 150 ரூபாய், வரியோடு 200-க்குள் அடங்கிவிடும். "மன்றத்து டிக்கெட், ஆயிரம் ரூபாய்" என்று வாட்ஸாப்பில் வருகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு சூட்சுமம் சொல்கிறேன். படக்குழு முதல் நாள் தியேட்டர் தியேட்டராகச் சுற்றுவார்கள். பெரிய படம் என்றால் ஸ்கிரீன் முன்னால் வந்து கை காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். சின்னப் படம் என்றால் கதையே வேறு. இயக்குநரும் புதுமுக ஹீரோவும் யூடியூப் மைக்குகளுக்கு நடுவில் வாசலிலேயே நின்று, "படம் எப்படி இருந்ததுங்க?" என்று உங்களைக் கேட்பார்கள். நீங்கள் அவரைத் தேடி வந்திருக்கிறீர்கள், அவர் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார். சின்னப் படம் ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை காலைக் காட்சி போய்ப் பாருங்கள்.

---

சாலிகிராமத்துக் காது:

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்கு மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எனக்குச் சாலிகிராமத்தில் ஜெராக்ஸ் கடை. சுற்றிலும் டப்பிங் தியேட்டர், எடிட்டிங் சூட், மேனேஜர் ஆபீஸ். யூனியன் கார்டு ஜெராக்ஸ், கால்ஷீட் பிரிண்ட், டயலாக் பேப்பர் என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு விதத்தில் சினிமாவில் இருப்பவர்கள். பல வருடம் இந்தக் கல்லாவில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்தது இதுதான்: போஸ்டரில் பெரிதாக இருக்கிற முகத்தைத் துரத்தினால் உங்களுக்குக் கிடைப்பது முதுகு. போஸ்டரின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் இருக்கிற பெயர்களைத் தேடுங்கள். அவர்கள் நின்று பேசுவார்கள், ஏனென்றால் அவர்களிடம் யாரும் வந்து கேட்பதே இல்லை.

ஒரு நாள் கடை மூடுகிற நேரம். கையில் மருந்துக்கடைப் பையோடு ஓர் அம்மா வந்தார். சாதாரணக் காட்டன் புடவை, மூக்குக்கண்ணாடி. ஆதார் அட்டையை நீட்டி, "ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வருமாம்மா?" என்றார். எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் தியேட்டரில் அந்தக் குரல் காதலைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து அழுததைக் கேட்டிருக்கிறேன், ஒரு படத்தில் அது செத்துப்போனபோது நானும் அழுதிருக்கிறேன். எல்லாம் வேறு வேறு முகங்களில். பெயர் எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நான் தாளை மெஷினில் வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, "ஏம்மா, மெஷின் மக்கரா?" என்றார். அதுகூட அப்படியே ஒரு படத்தில் வருகிற தொனி!

"உங்க குரல் எனக்குத் தெரியும்" என்றேன். சிரித்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று: அழுகிற காட்சியைவிட ஓடிவந்து மூச்சிரைக்கப் பேசுகிற காட்சிதான் கஷ்டமாம். மைக் முன்னால் ஓட முடியாது. நின்ற இடத்திலேயே மூச்சைக் கெடுத்துக்கொள்ள வேண்டும், உதட்டசைவும் தப்பக் கூடாது, பேப்பர் சத்தமும் கேட்கக் கூடாது. அதற்காகத் தாளை ஓரம் மடக்கிப் பிடிக்கிற விதத்தை என் கடைத் தாளிலேயே செய்து காட்டினார்.

இந்த டப்பிங் உலகத்தைப் பற்றி வெளியே தெரிந்தது கொஞ்சம்தான். சிம்ரன், ஜோதிகா படங்களில் நீங்கள் கேட்ட குரல் பல இடங்களில் சவிதா ரெட்டியுடையது. நயன்தாராவுக்குப் பல படங்களில் தீபா வெங்கட். 1993-இல் அஜித் தமிழில் நாயகனாக அறிமுகமான படத்தில் அவருக்குக் குரல் கொடுத்தவர் இன்றைய விக்ரம். இதெல்லாம் தெரிந்துகொண்டு வந்தால் வடபழனிப் பக்கம் டீக்கடையில் நிற்பதுகூட வேறு மாதிரி ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், யாராவது கிடைப்பார்கள். அதற்காக ஸ்டூடியோ வாசலில் காவல் காக்கச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பவரை மறிப்பது நியாயம் இல்லை.

பேசுவதற்கென்றே இடங்கள் உண்டு. நீங்கள் வரும் நாட்களில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா இருக்கும், வழக்கமாக டிசம்பர் நடுவில்தான் வரும். 2003-இலிருந்து நடக்கிறது. டெலிகேட் பாஸ் ஒன்று எடுத்தால் விழா முழுக்கப் படம் பார்க்கலாம், மாணவர்களுக்குச் சலுகை உண்டு. அங்கே சீட் நம்பர் கிடையாது, வரிசையில் முன்னால் நிற்பவருக்கு முன்னால் இடம். அந்த வரிசைதான் விசேஷம். உங்களுக்கு முன்னால் நிற்பவர் உதவி இயக்குநராக இருப்பார், பின்னால் ஒரு குணச்சித்திர நடிகர் தோள்பையோடு சமோசா தின்றுகொண்டிருப்பார். ஈரான் படம் முடிந்து வெளியே வரும்போது யாரும் நட்சத்திரம் இல்லை, எல்லோரும் "அந்தக் கடைசி சீன் புரிஞ்சுதா?" என்று கேட்கிற ஆட்கள்தான். போட்டியில் இருக்கும் தமிழ்ப் படங்களுக்கு இயக்குநரும் குழுவும் வந்து பேசுவார்கள், கேள்வி கேட்கலாம்.

இரண்டாவது, நாடகம். ஒய்.ஜி. மகேந்திரனின் யு.ஏ.ஏ. குழு 1952-இலிருந்து இயங்குகிறது. கிரேஸி மோகன் 2019-இல் போய்விட்டாலும் தம்பி மாது பாலாஜி நாடகங்களைத் தொடர்கிறார். தி.நகர் வாணி மகால், ஆழ்வார்பேட்டை நாரத கான சபா நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். திரை விழுந்ததும் மேக்கப்போடு நடிகர்கள் வெளியே வந்து தெரிந்தவர்களிடம் பேசிக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டும்: அந்த நகைச்சுவை எடுபட்டதா? நீங்கள் சிரித்த இடத்தைச் சொன்னால் போதும், பேச்சு தானாக வளரும். கூத்துப்பட்டறை நிகழ்ச்சி ஏதாவது அமைந்தால் விடாதீர்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கியது. பசுபதி, குரு சோமசுந்தரம், விதார்த் எல்லாம் அங்கே பயின்றவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இன்றைக்கு மேடையில் யாரென்றே தெரியாமல் நிற்பவர் நாளைக்கு யாரோ.

---

செல்ஃபிப்புள்ள:

சாலிகிராமம் அக்கா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. செல்ஃபி எடுப்பவன் எல்லாம் மட்டமான ரசிகனா? எங்கள் அப்பா லாரி டிரைவர். அவருக்கு எந்த சவுண்ட் இன்ஜினியரையும் தெரியாது. ஆனால் 2020 பிப்ரவரியில் நெய்வேலியில் விஜய் வேன் மேல் ஏறி மொத்தக் கூட்டத்தோடு எடுத்த செல்ஃபி எங்கள் வீட்டில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அப்பா ஒரு புள்ளி. எந்தப் புள்ளி என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டுவார். அது அவருக்கு ஐந்து நிமிடம் பேசியதைவிடப் பெரிது.

---

சாலிகிராமத்துக் காது:

தம்பி, அப்பாவின் படத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது ஹீரோவே எடுத்த செல்ஃபி, எல்லோருக்கும் சேர்த்து. நான் சொல்வது முகத்துக்கு நேரே போனை நீட்டுவதை. 2018-இல் மதுரையில் சிவகுமார் ஒரு இளைஞரின் போனைத் தட்டிவிட்டார், 2021 தேர்தலில் திருவான்மியூர் வாக்குச்சாவடியில் அஜித் ஒருவர் போனைப் பிடுங்கினார். சிவகுமார் வருத்தம் தெரிவித்தார், அஜித் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. ஆனால் அந்த நொடியில் அந்த ரசிகர்களுக்குக் கிடைத்தது என்ன? ரசிகர் மன்றங்களையே 2011-இல் கலைத்துவிட்டவர் அஜித். தள்ளி நில்லுங்கள் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நடிகர் சொல்ல முடியாது. "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை போனைப் பையிலேயே வைத்திருந்தால் பாதிச் சண்டை இல்லை. இந்தப் பெண் கேட்டது பேசுவதற்கு வழி, அதனால் அதைச் சொன்னேன்.

---

கைதட்டல் கோஷ்டி:

டிவி பார்வையாளர் கேள்விக்கு ஆள் வந்தாயிற்று! நான் கல்லூரி நாளில் நண்பர்களோடு கும்பலாக இதற்குப் போய்க்கொண்டிருந்தவன்.

ஆடியன்ஸ் கோ-ஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார். கல்லூரிகளிலும் வாட்ஸாப் குரூப்புகளிலும் அவர் வழியாகத்தான் ஆள் எடுப்பார்கள். நுழைவதற்கு நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. கேட்டால் அவர் கோ-ஆர்டினேட்டரே இல்லை. பாதி ஷூட்டிங் பூந்தமல்லி சாலை, செம்பரம்பாக்கம் பக்கம் ஸ்டூடியோக்களில் நடக்கும், வளசரவாக்கத்திலிருந்து நேர் ரோடுதான். போன் வாங்கி ஒரு கவரில் போட்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள், ஆகவே யாரோடும் போட்டோ கிடையாது. பொடிக்கோடு, பொடிக்கட்டம் போட்ட துணி வேண்டாம், கேமராவில் அலை அலையாக மினுக்கும், கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். பளிச்சென்ற ஒற்றை நிறம் போட்டுக்கொண்டு போனால் முன்னால் உட்கார வைப்பார்கள். தங்கையின் மஞ்சள் சுடிதாரை எடுத்து வையுங்கள். இருக்கிறதுதானே?

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே உங்கள் சிரிப்பை எடுத்துவிடுவார்கள். ஒருவர் மேடையில் ஏறி, "இப்போ கைதட்டுங்க, இப்போ வாய்விட்டுச் சிரிங்க, இப்போ கண்கலங்குற மாதிரி" என்பார். ஒன்றுமே நடக்கவில்லை, நாங்கள் அத்தனை பேரும் காலி மேடையைப் பார்த்துக் கண்கலங்குவோம். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி உண்மையிலேயே அழுதுவிட்டார், கேமராமேன் அவரை விடவே இல்லை! ஒளிபரப்பில் பார்த்தால் அந்தப் பாட்டி ஏதோ பக்திப் பாட்டுக்கு உருகுகிற மாதிரி ஒட்டியிருந்தார்கள்.

நடுவரைப் பார்க்கலாமா என்றால், தூரத்திலிருந்து மணிக்கணக்கில் பார்க்கலாம். டச்-அப் நடக்கும்போது, இடைவேளையில் ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது, யாரோ சொன்ன நகைச்சுவைக்குக் கேமரா அணைந்த பிறகு சிரிக்கும்போது. எனக்குப் பாட்டைவிட அதுதான் பிடிக்கும். பேச முடியாது. ஒரு எச்சரிக்கை: மாலையில் முடியும் என்பார்கள், நள்ளிரவு தாண்டும். ஒருமுறை எங்களை ராத்திரி ஒரு மணிக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு வேன் போய்விட்டது. எந்த நிகழ்ச்சி என்று சொல்லி என்ன ஆகப்போகிறது. திரும்பக் கொண்டுவந்து விடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால் போகாதீர்கள். உள்ளே ஏ.சி. குளிர் எலும்பைத் தொடும், சால்வை வேண்டும்.

இசைக் கச்சேரி ஏதாவது அந்த வாரம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் இருந்தால் சொல்லுங்கள். அதற்கு வண்டியில் போகவே கூடாது, மெட்ரோதான். சில நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மெட்ரோ பயணம் இலவசமாகவே இருக்கும், டிக்கெட்டில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

---

பேசும்பட வாசகர்:

நான் எழுபதைத் தாண்டியவன். பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

எங்கள் காலத்தில் ஆட்டோகிராஃபுக்கு அலைய மாட்டோம். 'பேசும் படம்', 'பொம்மை' பத்திரிகைகளைப் பார்த்து நடிகர்களுக்குக் கடிதம் எழுதுவோம். சில வாரம் கழித்துத் தபாலில் கறுப்பு வெள்ளைப் படம் வரும், ஓரத்தில் கையெழுத்து. பேனா மையா, அச்சடித்ததா என்று விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்போம். அழிந்தால் நிஜம்! நிஜக் கையெழுத்து அழிந்துபோன வருத்தம் என் நண்பர்கள் பலருக்கு உண்டு. என்னிடம் இருப்பது ஒன்றும் அழியவில்லை, அதாவது எல்லாம் அச்சு.

அம்மா, நீங்கள் வடபழனிப் பக்கம் இருப்பதால் ஏவிஎம் ஸ்டூடியோ வளாகத்தில் உள்ள அருங்காட்சியகத்தை அவசியம் பாருங்கள். 2023 மே மாதம் திறந்தது. பழைய கார்களும் படப்பிடிப்புக் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கேமராவின் கனத்தைப் பார்த்தால், அதைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்கள் மேல் மரியாதை வரும். ஏவிஎம் சின்னமான சுழலும் உருண்டையின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களை "நகருங்க" என்று சொல்லாது.

டிசம்பர் 15-க்கு மேல் மியூசிக் அகாடமியில் சீசன் தொடங்கிவிடும். பிற்பகல் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், இளம் பாடகர்கள் பாடுவார்கள். உங்களுக்கு ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை. கேன்டீனுக்குப் போங்கள். திரைப்பாட்டு பாடுகிறவர்கள், இசையமைப்பாளர்கள், பழைய நடிகைகள் எல்லோரும் அங்கே கையில் தட்டோடு இடம் தேடிக்கொண்டு நிற்பார்கள். உங்கள் மேசையில் ஒரு நாற்காலி காலியாக வைத்திருங்கள். புத்தகக் காட்சியில் எழுத்தாளர்களைப் பார்ப்பது இன்னும் சுலபம். ஆனால் அது பெரும்பாலும் ஜனவரிக் கதை, இந்த முறை உங்களுக்குக் கிடைக்காது.

---

நத்தம்ரோடு ரசிகை:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தங்கையும் நானும் ராத்திரி உட்கார்ந்து பேசினோம். போயஸ் கார்டன் போகிறோம், ஆனால் காலை ஒரு மணிநேரம் மட்டும், கோஷம் போடுவதற்காக. (தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.) டிவி ஷோ வேண்டாம், ராத்திரி ஒரு மணி என்றதும் சித்தி முகம் மாறிவிட்டது. மஞ்சள் சுடிதார் இருக்கிறது சார், எப்படித் தெரியும்? பெரிய படத்துக்கு இரண்டாம் நாள் கமலா. தாத்தா சொன்ன கேன்டீனும் மியூசியமும் உண்டு. திரைப்பட விழா பாஸ் இரண்டு பேருக்கும் எடுக்கப்போகிறோம்.

சாலிகிராமம் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வரிசையில் பக்கத்தில் ஒரு எடிட்டரோ சவுண்ட் ஆளோ இருக்கிறார், அடையாளம் தெரிந்துவிட்டது, சரி. அப்புறம் என்ன பேசுவது? "உங்க வேலை சூப்பர்" என்றால் "தேங்க்ஸ்" என்பார். அதோடு முடிந்துவிடுமே. எனக்கு பில்லிங் கவுன்டரில் எல்லோரிடமும் பேச வரும், பிடித்தவர் முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

---

சாலிகிராமத்துக் காது:

"சூப்பர்" என்று சொல்லாதீர்கள், ஒரு காட்சியைச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் அந்த வீட்டுக்குள்ளே மிக்ஸி சத்தம் கேட்டதே, அது அங்கேயே எடுத்ததா, அப்புறம் சேர்த்ததா? இது ஒரு கேள்வி. எடிட்டர் என்றால், நீங்கள் வெட்டிப் போட்டதில் எந்தக் காட்சியை வெட்ட மனசு வரவில்லை என்று கேளுங்கள். அவர்களுக்கு அதைச் சொல்வதற்கு ஆளே கிடைப்பதில்லை, படம் முடிகிற நேரத்தில் இயக்குநரும் தயாரிப்பாளரும் வேறு கவலையில் இருப்பார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டால் தங்கையை முன்னால் விடுங்கள். பைக்கில் ஏறி வளையலின் நிறத்தைப் பார்த்தவள் இதையும் கேட்டுவிடுவாள்.

படம் தொடங்க மணி அடித்துவிட்டால் பேச்சை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். அவரும் படம் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

இன்னொன்று, விழாவுக்கு வயது பதினெட்டு ஆகியிருக்க வேண்டும், படங்கள் சென்சார் ஆகாமல் வருகிறவை. தங்கையின் கல்லூரி ஐ.டி.யும் ஆதாரும் கையில் இருக்கட்டும். ஜெராக்ஸ் வேண்டும் என்றால் என் கடைக்கே வாருங்கள். ஒரு பக்கம் இரண்டு ரூபாய், ரசிகைகளுக்குத் தள்ளுபடி எல்லாம் கிடையாது.